ஆவியானால்தான் கேட்போமா?

பேய்ப்படம் என்றதும் நம் கண்முன் நிற்பவை வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலுமே. அக்கூந்தலுக்குப் பின்னே பெரும்பாலும் ஒரு பெண்ணின் கண்ணீர் மறைந்திருப்பதை நாம் எண்ணுவதில்லை.

ஜப்பானில் 1825இல் அரங்கேறிய கபுகி நாடகம் ஒன்றின் நாயகி ஓய்வா. நொபுவோ நககாவா 1959இல் அதைத் திரைப்படமாக்கினார். கணவனின் வஞ்சகத்தால் நஞ்சுண்டு, முகம் சிதைந்து மாண்டவள், ஆவியாய் வந்து பழிதீர்க்கிறாள். நாமும் மகிழ்கிறோம். ஆனால் உயிரோடு அழுதபோது அவளைக் கேட்பாரில்லையே! பழி தீர்ந்த பின்னும் அவள் வாழ்வு திரும்பவில்லையே!

ஃபாசில் 1993இல் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படம் வேறு வழி காட்டுகிறது. இக்கதையே 2005இல் தமிழில் 'சந்திரமுகி'யாக வந்தது. கங்காவைப் பிடித்தது பேயன்று. பிள்ளைப் பருவத்திலிருந்து உள்ளே புதைந்த வேதனை. அது, கொலையுண்ட நாட்டியக்காரி நாகவல்லியின் குரலில் பேசுகிறது. மனநல மருத்துவர் அதைச் செவிமடுக்கிறார். இறுதியில் அவள் வெட்டுவது ஒரு பதுமையைத்தான். அவளால் ஓர் உயிரும் போகவில்லை, அவளும் பிழைத்தாள்.

பழிவாங்கும் காட்சிகள் பெண்ணுக்கு வலிமை தருகின்றன என்பர் சிலர். செத்தபின் வரும் வலிமையால் யாருக்கு என்ன பயன்?

'பெண் பிள்ளை வாய் திறக்கலாமா?' என்று அடக்காமல், நாங்கள் சொல்வதை முழுதும் கேளுங்கள் எனப் பெரியோரை வேண்டுகிறோம். தோழியரே, நம்மில் ஒருத்தி திடீரென்று பேச்சைக் குறைத்தால், 'அவளுக்குத் திமிர்' என்று ஒதுக்காமல் அருகே அமர்ந்து கேட்போம். உயிரோடிருக்கும்போதே கேட்போம்!