விலை குறைந்த மனையும் விடுபட்ட கையொப்பமும்

பணி ஓய்வுத் தொகையோ, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணமோ கைக்கு வந்தவுடன் நம் குடும்பங்களில் எழும் முதல் எண்ணம், நாலைந்து சென்ட் மனை வாங்கி, இரண்டு வீடுகள் கட்டி, ஒன்றில் குடியிருந்து மற்றொன்றை வாடகைக்கு விடலாம் என்பதாகும். நல்ல எண்ணமே. ஆயினும் செங்கல்லின் விலையைப் பத்து இடங்களில் விசாரிக்கும் நாம், மனையின் பத்திரத்தை ஒரு முறையேனும் முழுமையாகப் படிப்பதில்லை. சுவரில் கண்ட வெடிப்பைக் கொத்தனார் பூசிவிடுவார். உரிமையில் கண்ட வெடிப்பைப் பூச எவராலும் இயலாது.

அண்டை மனைகளைவிட ஒரு மனை மிகவும் குறைந்த விலைக்கு வருமாயின், “அவர்களுக்கு அவசரத் தேவை” என்று தரகர் கூறுவார். அவசரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்தப் பத்திரத்தில் யார் யார் கையொப்பமிட வேண்டும்? அவர்கள் அனைவரும் கையொப்பமிடுகின்றார்களா?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒன்பது சென்ட் நிலமுள்ள ஒரு கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறக்கின்றார். மனைவியும், இரண்டு ஆண் மக்களும், ஒரு மகளும் உள்ளனர். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது மூன்று சென்ட் சேரும். எஞ்சிய ஆறு சென்ட் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு இரண்டு சென்ட் வீதம் சேரும். ஆண், பெண் என்ற வேற்றுமை இச்சட்டத்தில் இல்லை. மகன்கள் இருவர் மட்டும் கையொப்பமிட்டு ஒன்பது சென்டையும் விற்றால், வாங்குபவருக்கு உறுதியாகக் கிடைப்பது நான்கு சென்டின் உரிமையே. மற்ற ஐந்து சென்ட்டுக்குப் பணம் கொடுத்தும் அவர் உரிமையாளர் ஆகார்.

“திருமணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்து முடித்துவிட்டோம்” என்பது நாம் அடிக்கடி கேட்கும் விடை. தந்தை உயிரோடிருக்கையில் பிள்ளைக்குக் கொடுத்ததைப் பின்னர் பங்கில் கழிக்கலாகாது என்று அச்சட்டமே தெளிவாகக் கூறுகின்றது. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்த குமரி மாவட்டத்தில் பழைய வழக்கின் நினைவு இன்றும் உண்டு. அங்கிருந்த வாரிசுச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே அளித்தது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அப்பழைய சட்டம் 1951லேயே செல்லாததாகிவிட்டது என்று முடிவு செய்தது. ஆகவே ‘எங்கள் ஊர் வழக்கம்’ என்ற சொல்லை நம்பிப் பணம் கொடுத்தல் ஆகாது.

எனவே, முன்பணம் கொடுப்பதற்கு முன்னரே வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குவோம். அதிலுள்ள ஒவ்வொருவரும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அல்லது தம் பங்கை விட்டுக்கொடுத்துப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். வெளியூரில் வாழும் சகோதரியிடம் நாமே நேரில் பேசுவது நன்று. வயது வராத பிள்ளையின் பங்கு இருப்பின், நீதிமன்ற அனுமதி பற்றி வழக்கறிஞரைக் கலந்துகொள்ளாமல் ஓர் அடியும் எடுத்து வைக்கலாகாது.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லையே என்று சிலர் மனநிறைவு கொள்கின்றனர். பதிவு செய்யப்பட்டவை மட்டுமே அதில் தோன்றும். பதிவாகாத உயிலோ, வாய்மொழிப் பாகப்பிரிவினையோ, விடுபட்ட வாரிசோ அதில் தோன்றார். பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவேயன்றி, அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. தாய்ப் பத்திரம் தொடங்கி இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் வருகின்றதா என்று பார்ப்பதுடன், அசல் பத்திரங்களையும் கண்ணால் காண வேண்டும். அசல் இல்லையெனில் அது எங்கே அடகில் உள்ளது என்ற கேள்வி எழும்.

பொது அதிகாரப் பத்திரம் பெற்றவரிடம் வாங்குவோர், அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதிகாரப் பத்திரத்தையும் ஒப்பந்தத்தையும் மட்டும் பெற்றுக்கொண்டால் சொத்து கைமாறிவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பதிவு செய்த கிரயப் பத்திரமே உரிமை தரும்.

மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதும் முக்கியம். அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது, எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. அத்தகைய மனையெனில் வரன்முறை ஆணையைக் கேட்டு வாங்க வேண்டும்.

செலவைக் கணக்கிடும்போது முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் இரண்டு விழுக்காடு என்பதை மறக்கலாகாது. பத்து இலட்சம் ரூபாய் மனைக்குத் தொண்ணூறாயிரம் இவ்வகையிலேயே செல்லும். இதை எண்ணாதவர்தாம் மேல்தளம் போடும் வேளையில் வட்டிக்கு அலைகின்றனர்.

கட்டத் தொடங்குவோருக்கும் சில சொற்கள். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளமும் முதல் தளமும் சேர்ந்து 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் இணையவழி அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்துள்ளது. ஆதலால் அனுமதியின்றிக் கட்டுவதற்குச் சாக்கு இல்லை. ஒப்பந்தக்காரரிடம் வேலையின் கட்டங்களை எழுதி வாங்கி, முடிந்த கட்டத்திற்கே பணம் கொடுக்க வேண்டும். கான்கிரீட்டைக் குறைந்தது ஏழு நாள், கலப்புச் சிமெண்டானால் பத்து நாளேனும், ஈரம் காயாமல் காக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற ஆள் வைக்கும் சிறு கூலியை மிச்சப்படுத்தி, தளத்தின் வலிமையை இழப்பவர் பலர்.

இறுதியாக, நாமே விற்பவராகும் நாளும் வரும். அன்று வாங்க வருபவர் கேட்கும் முன்னரே எல்லாப் பத்திரங்களையும் அவர் முன் வைப்போம். சகோதரி விட்டுக்கொடுக்க விரும்பினால் மனமுவந்து கொடுக்கட்டும், “எங்கே கையொப்பமிட வேண்டும், அண்ணா?” என்று அவள் வினவும்போது, அது எத்தகைய பத்திரம், அவளுடைய பங்கு எவ்வளவு, அதன் மதிப்பு என்ன என்பதை முதலில் வாசித்துக் காட்டுவோம். தெரிந்து இட்ட கையொப்பமே நிலைக்கும். வாங்குபவரின் பணத்துக்கும், நம் உடன்பிறப்பின் அன்புக்கும் அதுவே காவல்.