குளிரைத் தடுக்கும் வண்ணத் தகடு!

மலை வீடுகளுக்கு ஏற்றதா?

மார்கழி பிறந்துவிட்டால் நீலகிரி மலையில் உறைபனி விழத் தொடங்கிவிடும். பொழுது விடியும்போது புல்வெளி எல்லாம் வெள்ளை வெளேர் என்று இருக்கும். தேயிலைக் கொழுந்து கருகும்.

அந்தக் குளிரில், தகரக் கூரையின் கீழ் படுத்திருப்பவர்களின் பாடு என்ன?

இரவில் கூரை சில்லிட்டுப் போகிறது. வீட்டில் இருப்பவர்கள் விடும் மூச்சுக் காற்றின் ஈரம் அதில் பட்டு நீராகிறது. அந்த நீர் சொட்டுச் சொட்டாகப் பாயின் மேலேயே விழுகிறது. மழைக் காலத்திலோ, கூரை போடும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது.

இந்தத் தொல்லைக்கு மருந்தாக ஒரு பொருள் வந்திருக்கிறது. கடைக்காரர்கள் அதைப் "பஃப் பேனல்" என்கிறார்கள். மேலும் கீழும் இரண்டு எஃகுத் தகடுகள். நடுவே கெட்டியான நுரை. வெளியே சிவப்பு, பச்சை, நீலம் என்று கண்ணைப் பறிக்கும் வண்ணம்.

முன்பு குளிர்பதனக் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும்தான் இதைப் பார்க்க முடிந்தது. இப்போது விடுதி அறை, கடை, வீடு என்று எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது.

இது மலை மக்களுக்கு நல்லதா? வாங்குவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

சோலூர் சொல்லும் பாடம்

ஊட்டியை அடுத்த மலை ஊர், சோலூர். அதன் அருகே சோலூர் கோக்கால் என்ற கோத்தர் கிராமம் இருக்கிறது. நீலகிரியில் உள்ள 7 கோத்தர் கிராமங்களில் அது ஒன்று.

கோத்தர்கள் கைதேர்ந்த கொல்லர்கள். படகர்களுக்கும் தோடர்களுக்கும் வேண்டிய அரிவாளும் கோடரியும் ஒரு காலத்தில் அவர்களுடைய உலையில்தான் உருவாயின.

ஆகவே, இரும்பு இந்த மலைக்குப் புதிது அல்ல. ஆனால் அந்தக் காலத்தில் இரும்பை யாரும் கூரையில் போடவில்லை. புல்லைத்தான் போட்டார்கள்!

தோடர்களின் பழைய குடிசையைப் பாருங்கள். பீப்பாயைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்தது போல் இருக்கும். மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, மேலே புல்லைத் தடிப்பாக வேய்வார்கள். வாசல் சுமார் 3 அடி உயரந்தான். தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும்.

ஏன் இப்படி? புல்லுக்கு நடுவே காற்று அகப்பட்டுக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் காற்று, உள்ளே இருக்கும் சூட்டை எளிதில் வெளியே விடாது. வாசல் சிறியதானால் குளிர் காற்றும் அதிகம் நுழையாது. கம்பளி போர்த்தினால் கதகதப்பாக இருப்பதற்கும் காரணம் இந்தக் காற்றுதான்.

தகரம் வந்தது, சூடு போனது

1829-ல் லண்டனைச் சேர்ந்த ஹென்றி பாமர் என்ற பொறியாளர், நெளி நெளியான இரும்புத் தகட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அது துருப்பிடித்தது. 1837-ல் பிரான்ஸ் நாட்டு சோரல் என்பவர், இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் தகரம் கப்பல் ஏறி உலகெங்கும் போயிற்று. தேயிலைத் தொழிற்சாலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் தகரக் கூரை போட்டுக்கொண்டன.

தகரத்தால் லாபம் உண்டு. ஆண்டுதோறும் புல் வேய வேண்டாம். தீப்பொறிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் புல்லோடு காற்றும் போயிற்று. காற்றோடு கதகதப்பும் போயிற்று.

பஃப் பேனல் செய்வது இதுதான்: தகரத்தின் உறுதியையும் புல்லின் கதகதப்பையும் ஒன்று சேர்க்கிறது.

எப்படித் தயார் ஆகிறது?

முதலில் எஃகுத் தகட்டுக்குத் துத்தநாகம் பூசுகிறார்கள். அதைக் கழுவி, மருந்து தடவி, அடிப்பூச்சு கொடுக்கிறார்கள். அதன் மேல் வண்ணம். பிறகு 200 டிகிரிக்கும் மேலான சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். அந்த வண்ணத்தின் பருமன் என்ன தெரியுமா? சாதாரணமாக, ஒரு தலைமயிரின் பருமனில் பாதிகூட இல்லை!

இந்தத் தகட்டைப் பாய் போலச் சுருட்டிப் பேனல் தொழிற்சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே இரண்டு சுருள்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விரிந்து ஓடுகின்றன. நடுவில் இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றுகிறார்கள். ஆப்ப மாவு பொங்குவது போல் அந்தக் கலவை பொங்குகிறது. 25 மடங்குக்கு மேல் பெருகி, இரண்டு தகடுகளையும் தானே பிடித்துக்கொண்டு இறுகிவிடுகிறது. வேண்டிய நீளத்துக்கு வெட்டினால் பேனல் தயார்.

அந்த நுரையின் பெயர் பாலியூரித்தேன். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த பொருள் அது. நுரையைப் பொங்கவைக்க முன்பு உபயோகித்த சில வாயுக்கள், வானில் இருக்கும் ஓசோன் படலத்தைக் கெடுத்தன. அவற்றில் ஒன்றான எச்.சி.எஃப்.சி. 141பி என்ற பொருளை 2020 ஜனவரி 1 முதல் இந்தியா கைவிட்டது.

ஒரு கணக்கு

2 அங்குலப் பருமன் உள்ள நுரை தடுக்கும் அளவுக்குக் குளிரைத் தடுக்க வேண்டுமானால், ஏறக்குறைய 5 அடிப் பருமனில் செங்கல் சுவர் எழுப்ப வேண்டும்!

எடையும் குறைவு. 4 அங்குல கான்கிரீட் கூரை, சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ எடை இருக்கும். 2 அங்குலப் பேனல் சுமார் 10 கிலோதான். மலைப் பாதையில் சுமந்து செல்ல எளிது.

நன்மை இவ்வளவு இருக்கிறது. ஆனால் மூன்று ஆபத்துகளை மறக்கக் கூடாது.

கரி அடுப்பு வேண்டவே வேண்டாம்!

முதல் ஆபத்து, மூடிய அறை. பழைய ஓட்டு வீட்டில் இடுக்கு வழியாகக் காற்று வந்து போகும். பேனல் அறையில் இடுக்கு இல்லை. குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேர்ந்துவிடும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே இறந்துபோவார்கள். பேனல் வீட்டில் காற்றுத் துவாரம் கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது ஆபத்து, தீ. தகடு எரியாது, நுரை எரியும். அதன் புகை கொடிய விஷம். தென்கொரியாவில் இச்சோன் என்ற ஊரில், 2008 ஜனவரியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் நடந்த விபத்தில் 40 பேர் மாண்டார்கள். அதே ஊரில் 2020 ஏப்ரலில் வேறொரு கிடங்கில் 38 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே கட்டட வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள்.

ஆகவே, சமையலறைக்கும் அடுப்புப் புகைபோக்கிக்கும் பக்கத்தில் நுரைப் பேனல் கூடாது. அங்கே "ராக் வூல்" என்ற பாறை இழை வைத்த பேனல் இருக்கிறது. அது தீப்பற்றாது. எடையும் விலையும் சற்று அதிகம். தெர்மாகோல் வைத்த பேனல் விலை மலிவு. ஆனால் சூடு பட்டால் உருகி எரியும்.

வீடு இலேசு, மலை இலேசு அல்ல

மூன்றாவது ஆபத்து, மண் சரிவு. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டி மீட்டர் மழை கொட்டியது. 2024 ஜூலையில் பக்கத்து மாவட்டமான வயநாட்டில் நேர்ந்த கோரத்தை நாடே பார்த்தது.

"பேனல் வீடு இலேசானது, எங்கே வேண்டுமானாலும் கட்டலாம்" என்று சிலர் நினைக்கக்கூடும். இது தவறு. சரிவை வெட்டி மேடை போட்டாலோ, மழைநீர் ஓடும் வழியை அடைத்தாலோ, மேலே நிற்பது கல் வீடா, தகட்டு வீடா என்று மலை பார்ப்பதில்லை. எந்த வீடானாலும் இடம் பார்த்து, அனுமதி பெற்றுத்தான் கட்ட வேண்டும்.

என்ன கேட்டு வாங்குவது?

கடைக்குப் போகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவை வேறு.

தகட்டின் பருமன் எவ்வளவு? துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்? துருவைத் தடுப்பது முக்கியமாக இந்தப் பூச்சுதான். வண்ணத் தகட்டுக்கு ஐ.எஸ். 14246 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. நுரைப் பலகைக்கு ஐ.எஸ். 12436 இருக்கிறது. நுரை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 40 கிலோ இருப்பது வழக்கம். இவற்றை எல்லாம் ரசீதில் எழுதி வாங்குவது நல்லது.

பேனலை வெட்டும்போது தீப்பொறி பறக்கும் வட்ட ரம்பம் ஆகாது. அந்தப் பொறி வண்ணத்தையும் துத்தநாகத்தையும் சுட்டுவிடும். அந்த இடத்தில் துருப்பிடிக்கும். ஓரங்களில் நுரை வெளியே தெரிந்தால் எலி குடைந்து உள்ளே குடித்தனம் வைத்துவிடும். ஓரத்துக்குத் தகட்டு மூடி போட வேண்டும். மலைக் காற்று தூக்கிவிடாதபடி திருகாணிகளையும் நெருக்கமாக முடுக்க வேண்டும்.

தோடர் குடிசைக்கு யாரும் வண்ணம் பார்த்துப் புல் வேயவில்லை. புல்லின் தடிப்பையும் கட்டின் இறுக்கத்தையுமே பார்த்தார்கள். பேனல் வாங்குகிற குடும்பமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வண்ணம் வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு. உள்ளே தூங்கும் குழந்தைக்கு வேண்டியது நல்ல நுரையும், நல்ல தகடும், ஒரு காற்றுத் துவாரமும்!