கொள்ளும் கடிவாளமும்

சோளிங்கர் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யோக நரசிம்மரும் யோக ஆஞ்சநேயரும் நினைவுக்கு வருவார்கள். சரித்திரம் படித்தவர்களுக்குக் குதிரைக் குளம்பொலியும் கேட்கும். 1781 செப்டம்பர் 27-ஆம் தேதி ஹைதர் அலியின் சேனையும் ஸர் அயர் கூட்டின் கம்பெனிப் பட்டாளமும் மோதிக்கொண்டது இந்த ஊருக்கு அருகேதான். ஹைதரின் குதிரைப் படை அக்காலத்தில் பேர் போனது.

அது போகட்டும். இன்று அதே சோளிங்கரில் ஒரு குடும்பத்தார், பிள்ளை ஆசைப்படுகிறான் என்று ஆடி மாத அந்தியூர்ச் சந்தைக்குப் போய் ஒரு மட்டக் குதிரையை வாங்கி வந்துவிட்டால், அதற்கு வேண்டிய சாமான்களுக்கு எங்கே போவது?

தீனிக்குக் கவலையில்லை. கொள்ளு எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பிரதான ஆகாரம் புல்தான். கொள்ளை ஊறவைத்து அளவோடு கொடுக்க வேண்டும். குதிரையின் இரைப்பை சிறியது. உண்டதை வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஒரே வேளையில் தீனியை வாரிக் கொட்டினால் வயிற்றுவலி உயிருக்கே உலை வைத்துவிடும்.

தோல் சாமானுக்கும் பஞ்சமில்லை என்றுதான் தோன்றும். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் பதனிடும் ஊர்கள் அல்லவா? இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். செருப்புக்கும் பைக்கும் பயன்படும் மெல்லிய குரோம் தோல் வேறு. குதிரை வாருக்கு ஏற்ற தடித்த தோல் வேறு. ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றில் பதனிட்ட தோலே வாருக்கு ஏற்றது. அது எளிதில் இழுபட்டுத் தளர்வதில்லை. அத்தகைய தோலை வாங்கிக் கொடுத்தால், கைத்தையல் தெரிந்த தொழிலாளி வாரும் தலைக்கயிறும் தைத்துக் கொடுத்துவிடுவார். சேணம் மட்டும் அப்படியல்ல. அது தனி வித்தை. கான்பூர் அதற்குப் பெயர் பெற்ற ஊர். எங்கே வாங்கினாலும், குதிரையின் முதுகை அளந்த பிறகே வாங்க வேண்டும். சேணம் முதுகெலும்பின் மேல் உட்காரக் கூடாது. இரு புறத்துச் சதையின் மேல் பரவி உட்கார வேண்டும். சேணத்துக்கு அடியில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் போதும், மறுநாள் புண்தான்.

“கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்” என்று குதிரையைப் பரிகாசம் செய்கிறோம். சோம்பேறிப் பிள்ளைகளுக்கும் அதையே சொல்கிறோம். ஆனால் குதிரையின் பக்கம் நின்று யோசித்தோமா? முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல்லில்லாத வெறும் ஈறு இருக்கிறது. கடிவாளத்தின் இரும்பு தங்குவது அந்த இடத்தில்தான். வாரை வெடுக்கென்று இழுத்தால் அந்த வலி எப்படி இருக்கும்! நேற்று வலித்ததை நினைத்து இன்று வாயை மூடுகிறது. அது சோம்பலல்ல, ஞாபகம்.

ஆகையால் குதிரையைப் பழக்குவது என்பது முதலில் நம் கையைப் பழக்குவதுதான். சில நாட்களுக்குக் கடிவாளமே வேண்டாம்; தலைக்கயிறு போதும். பின்புறமிருந்து போகாதீர்கள், நேர் பின்னால் நிற்பவரைக் குதிரையால் பார்க்க முடியாது. இடப் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குங்கள். கயிற்றை மெல்ல இழுங்கள்; ஓர் அடி எடுத்து வைத்ததும் உடனே தளர்த்திவிடுங்கள். “சொன்னபடி செய்தால் தொந்தரவு இல்லை” என்பதை அது அப்படித்தான் புரிந்துகொள்ளும். நடத்தல், நிற்றல், திரும்பல் மூன்றும் படிந்த பின்பே சேணம். குட்டிக் குதிரையாக இருந்தால் மூன்று நான்கு வயது நிரம்பும் வரை முதுகில் ஏறவே கூடாது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதுதான். பணம் கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்த்தே தீர வேண்டும். பல் வயதைச் சொல்லும். கூடவே ஒரு கால்நடை மருத்துவரையும் அனுபவமுள்ள குதிரைக்காரரையும் அழைத்துப் போவது நல்லது. பிள்ளை ஏறும்போது தலைக்கவசமும், பக்கத்தில் பெரியவர் ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

“எங்கள் வீட்டில் நாய்க்குட்டிதானே இருக்கிறது, இதெல்லாம் எதற்கு?” என்று பட்டணத்து வாசகிகள் கேட்கலாம். அதன் கழுத்துப் பட்டையைச் சற்றே பாருங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைகிறதா? குட்டி வளர்ந்துவிடும், பட்டை வளராது. போன மாதம் சரியாக இருந்தது இந்த மாதம் இறுக்கும். நனைந்த தோல் பட்டையை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். விறைத்துப்போன தோல் கழுத்தை அறுக்கும்.

கோயில் வாகனத்துக் குதிரைக்குத் தீனியும் வேண்டாம், லாடமும் வேண்டாம். அதற்கு வலியும் இல்லை. லாயத்தில் நிற்பதற்கு எல்லாம் உண்டு, வாயைத் திறந்து சொல்லத்தான் தெரியாது. பிள்ளைக்குக் குதிரை வாங்கித் தர வசதியுள்ள பெற்றோர், வாரைப் பிடிக்கும் அந்தச் சின்னக் கைக்கு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால், குதிரையும் பிழைக்கும், பிள்ளையும் நல்லபடியாக வளரும்.