பணம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும்

“வீட்டிலிருந்தே பட்டம்” என்று கூவி அழைப்பவர்கள், எவ்வளவு படிக்க வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. 1985-இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில், ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரப் படிப்பு. 6 கிரெடிட் பாடத்துக்கு 180 மணி. ஆறு மாதத்துக்கு நாளொன்றுக்கு ஒரு மணி. மூன்று பாடமென்றால் மூன்று மணி!

தாராவியின் பத்துக்குப் பத்து அறையில், ஷிப்டு முடித்து வரும் பிள்ளை, வீட்டின் ஒரே கைபேசியை வைத்துக்கொண்டு இதை எப்படிச் செய்யும்?

தோழர்களே! அசைன்மெண்ட் தரவேண்டிய தேதி, வகுப்பு நாள், சந்தேகத்துக்குப் பதில் சொல்பவர் யார் — இவற்றைச் சேரும் அன்றே எழுத்தில் கேளுங்கள். வீட்டிலும் மாலையில் டி.வி.யை நிறுத்துங்கள், மகள் தூக்கும் தண்ணீர்க் குடத்தை மகனும் தூக்கட்டும். பணம் கட்டியதோடு நம் பொறுப்பு முடியவில்லை. நேரத்தையும் கொடுத்தால்தான் பட்டம் கைக்கு வரும்.