இறந்தவர்களுக்கு முகவரி எழுதாதீர்கள்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், ஆரெ ஆற்றுப் பக்கம், ஓபர்ப்யூரன் என்றோர் ஊர். 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கிருந்த மாதா கோவிலுக்கு, செத்துப் பிறந்த குழந்தைகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெகுதூரத்திலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். குழந்தையின் உடலைத் தணலுக்கும் மெழுகுவத்திகளுக்கும் இடையில் கிடத்திச் சூடேற்றுவார்கள். உதட்டின்மேல் ஓர் இறகை வைப்பார்கள். சூட்டில் இறகு அசைந்தால் போதும். உயிர் திரும்பிவிட்டது என்று சொல்லி, அந்த நொடியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து, அப்புறம் அடக்கம் செய்வார்கள். இந்த வழக்கம் தகாது என்று கான்ஸ்டன்ஸ் ஆயர் 1486-இல் ரோமுக்கு எழுதினார். மதச் சீர்திருத்தத்தின்போது பெர்ன் அரசு அந்தக் கோவிலை இடித்தது. 1990களில் அந்த இடத்தை அகழ்ந்தபோது சுமார் 250 சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன.

அந்தப் பெற்றோரை மூடர்கள் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். தங்களுக்குப் பிரசங்க மேடையிலிருந்து சொல்லப்பட்டதை அவர்கள் அப்படியே நம்பினார்கள், அவ்வளவுதான். ஆத்துமா என்று ஒரு பொருள் உண்டு. செத்தவுடன் அது ஓர் இடத்துக்குப் போகும். தண்ணீர் படாமல் போனால் கதவு சாத்தியிருக்கும். இதை எழுத்துக்கு எழுத்து நம்புகிற ஒரு தாய், பிள்ளையைத் தணல் பக்கத்தில் கிடத்தாமல் வேறென்ன செய்வாள்? குற்றம் அவளுடையதல்ல. மறுவுலகத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர்களுடையது.

அந்த வரைபடத்தை எதிர்த்துத்தான் எழுதுகிறேன். எழுதுகிற நான் கிறிஸ்தவன். ஞாயிறுதோறும் ஆலயத்தில் உட்காருகிறவன். கடவுளிலும் உயிர்த்தெழுதலிலும் நம்பிக்கை வைத்திருக்கிறேன். மோட்சம் இன்ன இடம், நரகம் இன்ன இடம், இன்னார் இங்கே, இன்னார் அங்கே என்று ஊர்ப்பெயர் சொல்வதுபோல் சொல்லும் துணிச்சலைத்தான் நான் மறுக்கிறேன்.

இந்த வரைபடத்தின் முக்கியமான கோடுகளைப் போட்டவர் புனித அகுஸ்தீனார். பெலேஜியஸ் என்ற துறவியோடு நடந்த வாதத்தில், ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகளுக்கும் தண்டனை உண்டு என்ற முடிவுக்கு அவர் வந்தார். மிக லேசான தண்டனைதான் என்று ஒரு சலுகை கொடுத்தார். தண்டனையே இல்லை என்று சொல்ல அவருடைய தர்க்கம் இடம் கொடுக்கவில்லை. ‘கடவுளின் நகரம்’ நூலின் 21-ஆம் பாகத்தில், நெருப்பில் முடிவில்லாமல் எரிந்தும் உடல் அழியாமல் இருக்க முடியும் என்று நிரூபிக்கப் பாடுபடுகிறார். நெருப்பில் வாழும் சாலமாண்டர் என்ற பிராணியைச் சாட்சிக்கு அழைக்கிறார். சிசிலியில் எரிந்துகொண்டே இருந்தும் கரைந்துபோகாத மலைகளைக் காட்டுகிறார். கார்த்தேஜில் தனக்குப் பரிமாறப்பட்ட மயில் இறைச்சியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொன்னதாகவும், ஓர் ஆண்டு கழித்தும் அது அழுகவில்லை என்றும் எழுதுகிறார். சாலமாண்டர் நெருப்பில் வாழ்வதில்லை. மேற்கத்திய கிறிஸ்தவத்தின் மிகக் கூர்மையான அறிவுகளில் ஒன்று, மனித உடல் என்றென்றும் எரியும் என்பதற்கு மயில் கறியை ஆதாரமாக வைக்கும்படி ஆயிற்று. உருவகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் வந்து நிற்கும் இடம் இதுதான்.

குழந்தைகள் எரிகிறார்கள் என்பதைப் பிற்காலத்தவரால் தாங்க முடியவில்லை. அதனால் ‘லிம்போ’ என்று ஓர் ஓரத்தைக் கட்டினார்கள். அங்கே வேதனை இல்லை, கடவுளின் தரிசனமும் இல்லை. அக்குவினா தோமா, அந்தக் குழந்தைகள் தாங்கள் இழந்தது என்னவென்றே தெரியாமல் ஒருவித இயல்பான மகிழ்ச்சியில் இருப்பார்கள் என்றார். 1905-இல் பத்தாம் பத்திநாதரின் பெயரால் வந்த ஞானோபதேசமும் லிம்போவைச் சந்தேகமில்லாமல் போதித்தது. அயர்லாந்தில் இதன் விளைவை இன்றும் நிலத்தில் பார்க்கலாம். ஞானஸ்நானம் பெறாத சிசுக்களுக்கு மந்திரித்த கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வயல் ஓரத்திலும், பாழடைந்த பழைய மதில்களுக்குள்ளும், கடலோரத்திலும் புதைத்தார்கள். அந்த இடங்களுக்கு ‘கில்லீன்’ என்று பெயர். பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகு தகப்பனோ உறவினரோ எடுத்துப்போவார்கள். பெயர் பொறிக்காத கல் ஒன்று, அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது நடந்தது.

2007 ஏப்ரலில், பதினாறாம் பெனடிக்ட் போப்பின் ஒப்புதலோடு சர்வதேச இறையியல் ஆணைக்குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை, இறையியலாளர்களின் கருத்தாக மட்டுமே இருந்தது, அந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பக் காரணம் உண்டு என்றது. நல்ல ஆவணம், மனிதத்தன்மையுள்ள ஆவணம். ஆனால், வெறும் கருத்து என்று இவ்வளவு தாமதமாகச் சொன்னதற்கு முன்னால் எத்தனை தலைமுறைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளை இருட்டில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே செத்தார்கள்! அவர்களிடம் யாரும் அதைக் கருத்து என்று சொல்லிக் கொடுக்கவில்லை. உண்மை என்றே சொன்னார்கள்.

மறுவுலகச் செய்தி அத்தனையும் ஆதியிலிருந்து மாறாமல் வந்தது என்று நம்புகிறவர்களுக்கு 1331-ஐ ஞாபகப்படுத்த வேண்டும். அவிஞோனில் இருந்த இருபத்திரண்டாம் யோவான் போப், இறுதித் தீர்ப்பு வரை நீதிமான்களின் ஆத்துமாக்கள் கடவுளை முகமுகமாகக் காண்பதில்லை என்று பிரசங்கித்தார். பாரிஸ் பல்கலைக்கழகம் கொதித்தது. பிரெஞ்சு மன்னர் எதிர்த்தார். போப் 1334 டிசம்பரில் மரணப் படுக்கையில் தம் சொல்லை வாபஸ் வாங்கிக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336-இல், ஆத்துமாக்கள் உடனே காண்கின்றன என்று தீர்மானமாக அறிவித்தார். இறந்தவர்கள் இப்போது எங்கே என்ற கேள்விக்கு, ஐந்தே ஆண்டுகளில் இரண்டு போப்புகளிடமிருந்து இரண்டு பதில்கள்.

மோட்சம் போகுமுன் ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் இடம் என்று சொல்லப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தின் கதையும் இப்படித்தான். லியோன் சங்கம் 1274-இலும் புளோரன்ஸ் சங்கம் 1439-இலும் அதை அறிவித்தன. கீழைத் திருச்சபைகள் இறந்தோருக்காக வேண்டிக்கொண்டாலும் அப்படியொரு நெருப்பு ஸ்தலத்தை ஏற்கவில்லை. அந்த ஸ்தலத்தில் எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட ஆரம்பித்தார்கள். கணக்கு வந்ததும் விலை வந்தது. 1517-இல் டெட்செல் என்ற துறவி ஜெர்மனியில் விற்ற பாவமன்னிப்புச் சீட்டின் வசூலில் ஒரு பாதி ரோமின் புனித பேதுரு ஆலயத்துக்கு. மறு பாதி, மைன்ஸ் பேராயர் பதவிக்காக ஃபுக்கர் வங்கியில் பட்ட கடனுக்கு. அதை எதிர்த்து மார்ட்டின் லூத்தர் எழுந்து நின்றது நியாயம். ஆனால் அவருடைய வழியில் வந்த நம் சபைகள் பல, உத்தரிக்கிற ஸ்தலத்தை இடித்துவிட்டு நரகத்தை மட்டும் இன்னும் பெரிதாகக் கட்டிக்கொண்டன.

வேதாகமம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்களைச் சொல்கிறது, அதுதான் உண்மை. பிரசங்கி நூலின் ஆசிரியர், மனிதனும் மிருகமும் ஒரே மண்ணுக்குத்தான் போகிறார்கள், செத்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். சங்கீதங்களில் பல, பாதாளத்தில் கடவுளைத் துதிப்பார் இல்லை என்று அழுகின்றன. செத்தவர்கள் எழுவார்கள் என்ற தெளிவான பேச்சு பழைய ஏற்பாட்டில் தானியேலில்தான் வருகிறது. அது வேத புத்தகங்களில் பிந்தி எழுதப்பட்டவற்றில் ஒன்று. இயேசுவின் காலத்திலேயே சதுசேயர்கள் உயிர்த்தெழுதலை மறுத்தார்கள். அவர்களில் பலர் ஆலயத்தின் குருக்கள். பவுல், உடலை விட்டுப் பறந்துபோகும் ஆத்துமாவைப் பற்றி அல்ல, மறுபடியும் எழுப்பப்படும் உடலைப் பற்றியே கொரிந்தியருக்கு எழுதுகிறார். அந்த உடல் எப்படிப்பட்டது என்று கேட்பவனைப் புத்தியில்லாதவன் என்று கண்டிக்கிறார். சாகாத ஆத்துமா சிறைக்கூண்டிலிருந்து விடுபடுகிறது என்ற சித்திரம் பிளேட்டோவிடமிருந்து நம் வீட்டுக்குள் வந்தது. இத்தனை குரல்களையும் அழித்துவிட்டு ஒரே படத்தை மாட்டி, அதை வேதம் என்பது வேதத்துக்கே செய்யும் அவமரியாதை.

விசுவாசம் போதவில்லை என்று தோன்றும்போது சிலர் ‘ஆதாரம்’ தேடுகிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டங்கன் மக்டூகல் என்ற மருத்துவர் சாகும் தறுவாயிலிருந்த ஆறு பேரைத் தராசில் கிடத்தி, 1907-இல் முடிவை வெளியிட்டார். ஆத்துமாவின் எடை 21 கிராம் என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி அந்த ஆறு பேரில் ஒரே ஒருவருடைய அளவிலிருந்து பிறந்தது; மற்றவர்களுடையது அதனோடு ஒத்துப்போகவில்லை. நாய்களையும் நிறுத்துப் பார்த்து, எடை குறையாததால் நாய்க்கு ஆத்துமா இல்லை என்றார். இன்னொன்று, சைபீரியாவில் துளை போட்டபோது நரகத்தின் அலறல் கேட்டது என்ற ஒலிப்பதிவு. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் உண்மையாகவே 12,262 மீட்டர் ஆழம் வரை துளைத்தார்கள். சுமார் 180 டிகிரி வெப்பத்தில் பாறை இளகி, மேற்கொண்டு துளைக்க முடியாமல் நிறுத்தினார்கள். அலறல் எதுவும் கேட்கவில்லை. நரகம் பூமிக்கு அடியில் உண்மையாகவே இருக்கிறது என்று நம்ப வைக்கப்பட்டவர்கள் மட்டுமே அந்த ஒலிப்பதிவில் ஏமாந்தார்கள்.

இதெல்லாம் ஐரோப்பாவின் பழங்கதை, நமக்கென்ன என்று விட்டுவிட முடியவில்லை. முத்துக்குளித்துறையில் நம் பரதவ மக்களிடையே உழைத்த புனித சவேரியார் 1549-இல் ஜப்பான் போனார். திரும்பி வந்து 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு துயரத்தைப் பதிவு செய்திருக்கிறார். புதிதாக மனம் திரும்பிய ஜப்பானியர்கள், தங்கள் தாய் தகப்பன், இறந்துபோன பிள்ளைகள் எல்லாரும் நரகத்தில் இருக்கிறார்களா, தானமும் ஜெபமும் செய்து அவர்களை மீட்க முடியாதா என்று கேட்டார்கள். முடியாது என்றார் சவேரியார். அவர்கள் அழுகையை நிறுத்தவில்லை. பரிகாரம் இல்லாத காரியத்துக்காக நண்பர்கள் அழுவதைப் பார்த்துத் தமக்கும் வருத்தமாக இருந்தது என்று அவரே எழுதுகிறார். கடவுள் அவ்வளவு நல்லவர் என்றால் எங்கள் முன்னோரை ஏன் கைவிட்டார் என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு, சவேரியாரின் பதிலைவிட அவர்களுடைய கண்ணீரே கிறிஸ்துவுக்கு நெருக்கமானது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்வி இன்று நம் வீடுகளில் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும் சில தலைமுறை பின்னால் போனால் அம்மனைக் கும்பிட்ட ஒரு பாட்டி இருப்பாள். தாய்மாமன் வீடு இன்னும் முருகன் கோவிலுக்குப் போகும். அந்தப் பாட்டி அக்கினிக் கடலில் இருக்கிறாள் என்று பேரப்பிள்ளைக்கு ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தப் பிள்ளை அதை நம்பினால் அன்பு செத்துப்போகும். நம்பாவிட்டால் நம் பேச்சில் மரியாதை போகும். நம் ஊர்க் கன்வென்ஷன் மைதானங்களில் ‘இன்று இரவு நீ மரித்தால் எங்கே போவாய்?’ என்று மைக்கில் கேட்கப்படுவதைக் கேட்டு வளராத பிள்ளை நம்மிடையே குறைவு. பயந்து கை தூக்கும் சிறுவனின் பயத்தை மனந்திரும்புதல் என்று எண்ணிக்கொள்கிறோம்.

தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். 1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த விலக்கு இல்லை. 1992-இல் வந்த மறைக்கல்வி நூல், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றே சொல்கிறது. சட்டம் மாறியும் துக்க வீட்டில் நாக்கு மாறவில்லை. கடன் தாங்காமல் போனவரின் மனைவியிடம், பரீட்சையில் தோற்றுப் போன பிள்ளையின் தாயிடம், ‘அந்த ஆத்துமாவுக்கு இனி மீட்பில்லை’ என்று சொல்லும் விசுவாசிகள் இன்றும் இருக்கிறார்கள்.

இயேசுவே நெருப்பைப் பற்றிப் பேசவில்லையா என்ற எதிர்க்கேள்வி வரும். பேசினார். கண்ணைப் பிடுங்கி எறி, கையை வெட்டிப் போடு என்றும் அதே மூச்சில் பேசினார். கண்ணைப் பிடுங்கிக்கொண்ட பாஸ்டர் யாரையும் நான் பார்த்ததில்லை. அதை உருவகமாகவும் அடுத்த வரியின் நெருப்பை நேர்ப்பொருளாகவும் எடுத்துக்கொள்வது எந்த நியாயம்? மத்தேயு 25-இல் செம்மறியாடும் வெள்ளாடும் பிரிக்கப்படும் காட்சியில், பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் இருந்தவனைப் பார்த்தாயா என்பது மட்டுமே கேள்வி. இன்ன சபையா, ஞானஸ்நானம் எடுத்தாயா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த அதிகாரத்தை வைத்து நரகத்தைப் பிரசங்கிக்கிறவர்கள் அந்தக் கேள்வியைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பயம் போனால் ஒழுக்கம் போகும் என்பது இன்னொரு வாதம். நரகத்தைப் பற்றி மிக அதிகமாகப் பயந்த நூற்றாண்டுகளில்தான் ஐரோப்பா சூனியக்காரிகள் என்று பெண்களை எரித்தது. நெருப்புக்குப் பயந்தவர்களே நெருப்பு மூட்டினார்கள்.

நான் சொல்வது புதுமையும் அல்ல. நீசா நகரத்து கிரகோரியார், 4-ஆம் நூற்றாண்டுப் புனிதர், நெருப்பு சுத்திகரிக்கும் நெருப்புத்தான், முடிவில் எல்லாரும் கடவுளிடம் திரும்புவார்கள் என்று நம்பினார். 1999 ஜூலையில் இரண்டாம் யோவான் பவுல் போப், நரகம் ஓர் இடம் என்பதைவிடக் கடவுளைவிட்டுத் தானாகவே விலகிப்போனவரின் நிலை என்று ரோமில் விளக்கினார். ஆனாலும் நம் கிராமத்து மேடைகளில் இன்னும் கந்தகம் எரிந்துகொண்டிருக்கிறது.

அடக்க ஆராதனை நடத்தும் பாஸ்டர்களையும் குருக்களையும் கேட்டுக்கொள்கிறேன். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று நரகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். துக்கத்தில் உடைந்திருப்பவர்களை மனந்திருப்ப அந்த நேரத்தைப் பயன்படுத்தாதீர்கள். இறந்தவர் எங்கே என்று பிள்ளைகள் கேட்டால், ‘எனக்குத் தெரியாது, அவரைப் படைத்தவரின் கையில் இருக்கிறார் என்று நம்புகிறேன்’ என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவும் உங்களுக்கு அதிகாரம் தரப்படவில்லை. வாசகர்களே, உங்கள் பாட்டி நரகத்தில் இருக்கிறாள் என்று யாராவது மேடையிலிருந்து சொன்னால் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். ஆராதனை முடிந்ததும் அவரிடம் நேரே போய், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள்.