தக்கைக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

இது மீன் பிடிக்கிறதைப் பத்தின கட்டுரை. அதுவும் உறைஞ்ச ஏரியில. வெயில்ல வெந்துக்கிட்டு இருக்கிற நமக்கு இது எதுக்குன்னு கேட்பீங்க. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு டைட்டில் தேடிக்கிட்டு இருந்தா, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். ஆனால் மேலே மட்டும்தான். தண்ணீருக்கு அடர்த்தி அதிகமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். அந்தத் தண்ணீர் அடியில் தங்கிவிடும், பனிக்கட்டி மேலே மிதக்கும், மீன்கள் கீழே உயிரோடு இருக்கும். புதிதாக உறைந்த தெளிவான பனி 4 இஞ்ச் கெட்டியாக இருந்தால்தான் நடக்கலாம் என்பது அந்த மாநில அரசின் வழிகாட்டுதல். அதன்மேல் போய், சுமார் 8 இஞ்ச் அகலத்துக்குத் துளை போட்டு, தூண்டில் விடுகிறார்கள்.

இப்போ டிசைன் பிராப்ளத்துக்கு வருவோம். துளைக்குப் பக்கத்திலேயே உட்காருவதால் தூண்டில் கம்பு இரண்டு மூன்று அடிதான் இருக்கும். ஆனா மீன் 20 அடி ஆழத்துல நிக்குது. சாதாரண தக்கையை முள்ளிலிருந்து 20 அடி மேலே நரம்பில் கட்டினால் என்ன ஆகும்? மீன் மாட்டியதும் ரீலைச் சுத்துவீங்க, தக்கை வந்து கம்பு நுனியில் இடிக்கும். அதுக்கு மேல சுத்த முடியாது. மீனும் 20 அடி நரம்பும் இன்னும் தண்ணிக்குள்ள. ஈர நரம்பை உறைபனியில் கையால் இழுக்கணும்.

இதுக்கு அவங்க வச்சிருக்கிற தீர்வு சின்னது. தக்கையின் நடுவில் ஒரு ஓட்டை. நரம்பு அதுக்குள்ள தாராளமா ஓடும். எந்த ஆழம் வேணுமோ, அந்த இடத்தில் நரம்பைச் சுத்தி நூலால் ஒரு சின்ன முடிச்சு. முடிச்சுக்கும் தக்கைக்கும் நடுவில் ஒரு மணி. தூண்டிலை இறக்கினா, ஈயம் நரம்பை இழுத்துக்கிட்டுப் போகும். முடிச்சு மணியில் வந்து முட்டியதும் நின்னுடும். மேலே சுத்தும்போது முடிச்சு கம்பு வளையங்களில் நுழைஞ்சு ரீலுக்குள்ளேயே போயிடும், தக்கை கீழே வழுக்கிடும். அடுத்த முறை இறக்கினாலும் அதே ஆழம். மாத்தணுமா? முடிச்சை விரலால் தள்ளினா போதும்.

ரெண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. குளிர் நீரில் மீனுக்கு உடல் இயக்கமே மெதுவாகிடும். கடியும் லேசா இருக்கும். அதனால் நுரையில் செய்த தக்கையைக் கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி மிதப்பைக் குறைக்கிறார்கள். கணக்கு போட்டுப் பாருங்க. 2 கன செ.மீ. தக்கை, எடை 0.2 கிராம். முழுசா முங்கினா அது தாங்குற எடை 1.8 கிராம். கீழே தொங்குற 1 கிராம் ஈயத்துக்குத் தண்ணிக்குள்ள எடை சுமார் 0.91 கிராம். மீதி 0.89 கிராம். அதாவது தக்கையை முழுக்க முக்க மீன் அவ்வளவு இழுக்கணும். அதே நுரையை 1.2 கன செ.மீ.க்கு வெட்டினா மீதி வெறும் 0.17 கிராம். அஞ்சில் ஒரு பங்கு! மீன் இரையைக் கவ்விக்கிட்டு மேலே வந்தாலும் ஈயத்தின் பாரம் குறைஞ்சு தக்கை எழும்பும். முங்கினாலும் சிக்னல், எழும்பினாலும் சிக்னல். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் பத்தாம் வகுப்புக்குள்ள எல்லாரும் படிச்சாச்சு. அதை வச்சு இப்படி ஒரு சென்சார் செய்யலாம்னு நமக்கு யாராவது சொன்னாங்களா?

"இதுக்குத்தான் சோனார் இருக்கே"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018இல் கார்மின் நிறுவனம் லைவ்ஸ்கோப்பைக் கொண்டுவந்தது. தண்ணிக்குள் மீன் நகர்வதைத் திரையில் நேரடியாகப் பார்க்கலாம். மீன் எங்கே, எந்த ஆழத்தில் என்பதைத் தக்கை ஒருநாளும் சொல்லாது. அந்தக் கேள்விக்கு சோனார்தான் பதில். ஆனால் விலை ஆயிரம் டாலருக்கு மேல், பேட்டரி வேணும், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். தக்கைக்கும் குறை உண்டு. ஓட்டைக்குள் தண்ணீர் உறைஞ்சா நரம்பு ஓடாது, துளையில் சேருகிற ஐஸை அள்ளிக்கிட்டே இருக்கணும்.

மின்னசோட்டாவில் குளிர்காலத்தில் ஒருவர் இரண்டு தூண்டில் போட அனுமதி உண்டு. பலர் ஒன்றை சோனார் பார்த்துக் கையில் ஆட்டுவார்கள், இன்னொன்றைத் தக்கையோடு சும்மா விட்டுவிடுவார்கள். நான் சொல்ல வர்றது இதைத்தான். டெக்னாலஜி வேண்டாம்னு இல்லை. ஒவ்வொரு பாகமும் எந்தக் கேள்விக்குப் பதில்னு தெரிஞ்சு வைக்கணும்.

இப்போ நம்ம ரிவ்யூ ஹாலுக்கு வாங்க. "ஐஓடி இருக்கா? ஏஐ எங்கே? ஆப் பண்ணலையா?" பாகம் கூடக்கூட மார்க் கூடுது. சம்ப் நிரம்பி வழியாம இருக்க சென்சார், ஆர்டுயினோ, வைஃபை, மொபைல் நோட்டிஃபிகேஷன். கரண்ட் போனா எல்லாம் போச்சு. தண்ணி ஏறினா தானா மூடிக்கிற பால் வால்வு எத்தனையோ வீட்டுல சத்தமில்லாம வேலை செய்யுது. அதை நல்லா வரைஞ்சு, கணக்கு போட்டு, இன்னும் மலிவா ஆக்கிக் கொண்டு வர்ற ஜூனியருக்கு "இது என்ன புதுசு?"ன்னு ஒரே கேள்வியில் கதை முடிஞ்சிடும். அவன் அடுத்த ரிவ்யூவுக்கு ஒரு வைஃபை மாட்யூலை ஒட்டிக்கிட்டு வருவான். நாம அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது இன்ஜினியரிங் இல்லை, அலங்காரம்.

இதுல நஷ்டம் மார்க்கோட நிக்காது. நாளைக்கு விவசாயிக்கோ ஆஸ்பத்திரிக்கோ பொருள் செய்யப் போறது நாமதான். பாகம் கூடினா விலை கூடும், பழுது கூடும். சரிசெய்ய ஆள் தேடி அலையப்போறது அவங்க.

அதனால ரிவ்யூ ஃபார்ம்ல மூணு வரி சேர்க்கச் சொல்லி டிபார்ட்மெண்ட்ல கேளுங்க. ஒவ்வொரு பாகமும் எந்தக் கேள்விக்குப் பதில்? கரண்ட் போனா என்ன மிஞ்சும்? எதை எடுத்துட்டாலும் இது வேலை செய்யும்? மூணாவது கேள்விக்கு நேர்மையா பதில் எழுதி, எடுத்தும் காட்டுற டீமுக்கு மார்க் கூடப் போடட்டும். அவங்க போடுறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ராத்திரி உங்க பிளாக் டயகிராமை எடுத்து வச்சு, ஒரே ஒரு பெட்டியை அடிச்சுப் பாருங்க.