மழை எங்களுக்குப் பெய்தால் கணக்கில் வராதா?

விமான நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி அவர்களுக்கு,

உங்கள் நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். மின்னஞ்சல் அனுப்பியாயிற்று, பதிவுத் தபால் போட்டாயிற்று, புதுச்சேரியில் டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்டின் கடை வாசலில் நின்றும் பார்த்தாயிற்று. அவர் உங்களைக் கைகாட்டுகிறார், நீங்கள் அவரைக் கைகாட்டுகிறீர்கள். இனி ஊரறிய எழுதுவதுதான் பாக்கி.

விஷயம் சின்னது. சென்னையிலிருந்து மும்பை, அங்கிருந்து குவைத், ஒரே டிக்கெட். பயணி என் அக்கா மகன். பாகூர் கொம்யூன், சோரியாங்குப்பத்துக்காரன். நாள் 2024 டிசம்பர் 3, மாலை விமானம். அவன் வரவில்லை. உங்கள் பதிவேட்டில் 'நோ ஷோ' என்று ஏறிவிட்டது. முதல் விமானத்துக்கு வராததால் இரண்டாவதும் தானாகவே ரத்து. மும்பையில் அவனுக்காக இருந்த இருக்கையை யாருக்கு விற்றீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 46 சென்டிமீட்டர் மழை. அன்று நண்பகலில் மூடிய மீனம்பாக்கம் விமான நிலையம் நள்ளிரவு தாண்டித்தான் திறந்தது. ரத்தான விமானங்களுக்கு யாரும் நஷ்டஈடு கேட்க முடியாது. புயல் என்பது நிறுவனத்தின் கையில் இல்லாத காரியம், 'அசாதாரணச் சூழ்நிலை'. ரொம்பச் சரி. அதை நான் குறை சொல்ல வரவில்லை.

எங்களுக்கு அது அன்றோடு முடியவில்லை, ஐயா. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் வரும் தென்பெண்ணை கடலுக்குப் போகும் வழியில் கடைசியாக இருப்பவர்கள் நாங்கள். தென்கரையில் கடலூர், வடகரையில் சோரியாங்குப்பமும் குருவிநத்தமும். இரவுக்குள் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிட்டது. பெட்டியைப் பரணில் ஏற்றினான். பாஸ்போர்ட்டையும் டிக்கெட் தாளையும் யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, இடுப்பில் துண்டோடு கட்டிக்கொண்டான். விடிந்ததும் மாடி வீடு ஒன்றின் மேல் நின்று உங்கள் எண்ணுக்குப் போன் போட்டான். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. கரண்ட் போய் வெகுநேரம் ஆயிற்று, போனில் சார்ஜ் கடைசிக் கோட்டில் இருந்தது. அழைப்பு மிக முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தது. மீட்புப் படகு வந்தது. முதலில் பிள்ளைகளும் கிழவிகளும் ஏறினார்கள். 'எனக்கு ஃபிளைட் இருக்கு, என்னை முதலில் ஏற்றுங்கள்' என்று அவன் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்களா?

ஏறியிருந்தாலும் எங்கே போவான்? கடலூர் சாலையில் போக்குவரத்து நின்றுவிட்டது. புதுச்சேரியிலேயே லாஸ்பேட்டை விமான நிலையம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள். அந்த வருடம் மார்ச்சில் நின்றுபோன விமானம் டிசம்பர் 20-ஆம் தேதிதான் மறுபடி வந்தது.

உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் கேட்டார்: "ஒரு நாள் முன்னாடியே கிளம்பியிருக்கலாமே சார்?" முந்தின நாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம் ஓடியதால் ரயில்கள் ரத்து. அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே தண்ணீர் போனது. ரயிலை ரத்து செய்த ரயில்வே டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது. உங்கள் விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. அதுதான் நாங்கள் செய்த பாவம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி அனுப்பினோம். ஆங்கிலத்தில் வேண்டும் என்றீர்கள். ஆங்கிலத்தில் வாங்கி அனுப்பினோம். கோப்பின் அளவு பெரிது என்று உங்கள் தளம் திருப்பியடித்தது. சுருக்கி அனுப்பினோம். 'தங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது, கூடவே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வியும்.

அடிக்கட்டணம் போனது போகட்டும். வரியையும் பயனர் மேம்பாட்டுக் கட்டணத்தையும் எந்த வாயால் விழுங்கினீர்கள்? அவன் கால் வைக்காத விமான நிலையத்துக்கு அவன் கட்டிய பணம் அது. அவன் ஏறியிருந்தால் நீங்கள் நிலையத்துக்கும் அரசுக்கும் கட்டியிருப்பீர்கள். ஏறாதபோது அது அவனுடையது. சலுகை டிக்கெட்டானாலும், வராத பயணியானாலும், ஏஜென்ட் மூலம் வாங்கியதானாலும் திருப்பித் தர வேண்டியது நீங்கள்தான். விதியின் எண்ணை நான் எழுதப்போவதில்லை, உங்களுக்கு அது மனப்பாடமாக இருக்கும். இல்லாவிட்டால் இவ்வளவு நுணுக்கமாக அதைத் தவிர்க்க முடியாது.

புதுச்சேரி அரசு அந்த மழைக்குக் குடும்ப அட்டைக்கு ஐயாயிரம் நிவாரணம் அறிவித்தது. நனைந்த நெல்லுக்கும் செத்த மாட்டுக்கும் நடுவே அக்கா அதை வாங்கினாள். புது டிக்கெட்டுக்கு அவள் தாலிச்சரடு அடகுக்குப் போனது. அரசு ஒரு கையில் கொடுத்ததை, பல மடங்காக இன்னொரு கையில் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள்.

2025 ஜூனில் அகமதாபாத்தில் லண்டன் விமானம் விழுந்தபோது, போக்குவரத்து நெரிசலில் சிக்கி அதைத் தவறவிட்ட ஒரு பெண் பிழைத்த செய்தி வந்தது. அதன்பின் எங்கள் ஊரில் எல்லோரும் அவனைத் தேற்றுகிறார்கள், "விட்டதும் நல்லதுக்குத்தான்டா" என்று. அவன் விட்ட விமானம் பத்திரமாக மும்பையில் இறங்கியது, ஐயா. வேதாந்தம் பேசக்கூட எங்களுக்கு வழியில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மீனம்பாக்கத்தில் பெய்தால் அசாதாரணச் சூழ்நிலை. அதே மழை சோரியாங்குப்பத்தில் கூரை வரை நின்றால் மட்டும் பயணியின் அலட்சியமா? ஓடுபாதை நனைந்தால்தான் உங்கள் ஊரில் அதற்குப் பெயர் புயலா? மேல்முறையீட்டு அதிகாரி என்று பலகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீரே, மேலே இருந்து ஒருமுறையாவது கீழே தெரியும் தண்ணீரைப் பார்த்ததுண்டா?

கூப்பன் வேண்டாம். அடுத்த பயணத்தில் தள்ளுபடியும் வேண்டாம். வரிப் பணத்தை அவன் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், அவன் பெயருக்கு எதிரே உள்ள 'நோ ஷோ'வை எடுத்துவிட்டு நடந்ததை எழுதுங்கள். பதிலை இந்தத் தடவை ஒரு மனிதர் எழுதட்டும். அடியில் பெயரும் கையெழுத்தும் இருக்கட்டும். நட்சத்திரம் எத்தனை என்பதை அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
பயணியின் தாய்மாமன்,
பாகூர்.